அலைகளுக்குப் பெயர் தெரியாது

இரவு முழுவதும் ஓடிய ஒரு தூக்கப் பதிவைக் காலையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பின் தலைப்பகுதியான ஹெடரில் இருந்த பெயர் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. திரையில் ஓடிய அலைகளோ அந்த வயதைச் சொல்லவில்லை. இளையவர்களின் ஆழ்தூக்கத்தில் அகன்று உயர்ந்து எழும் மெதுவலைகள் இங்கே தாழ்ந்து மெலிந்து கிடந்தன. வயது ஏற ஏற அந்த அலைகளின் உயரம் குறைவது இயல்பு. ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் உண்டு. அதனால் அது ஒன்றே என்றால் கடந்து போயிருப்பேன். ஆனால் கீழே இருந்த இதயத் துடிப்புச் சேனலில் எந்த இரண்டு துடிப்புகளுக்கு இடையிலும் ஒரே இடைவெளி இல்லை. ஒழுங்கு என்பதே இல்லாத அந்தத் துடிப்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயக் கோளாறு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்தப் பெண்ணின் பரிந்துரைக் கடிதத்தில் இதயம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

அதே இரவில் அடுத்த அறையில் அறுபதைக் கடந்த ஒருவர் படுத்திருந்தார். அவருடைய கடிதத்தில் முதல் வரியிலேயே அந்த இதயக் கோளாறு இருந்தது. அவருடைய கோப்பைத் திறந்தேன். துடிப்பு கடிகாரம் போல ஓடியது. மெதுவலைகள் மலை போல எழுந்தன. இரண்டு அறைகளுக்கும் ஒரே மேசையிலிருந்துதான் பெயர் தட்டச்சு செய்வோம். சில நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகளைத் தொடங்கும்போது சாளரம் மாறிப்போயிருக்கிறது. இரண்டு மனிதர்களின் இரவுகள் இடம் மாறிவிட்டன. அறிக்கை எழுதும் மருத்துவருக்குக் கோப்புகள் போவதற்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

எவ்வளவு திருத்த வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு கோப்பிலும் 80 பைட், அதாவது 80 எழுத்து இடம், கொண்ட இரண்டு புலங்கள். எட்டு மணி நேரப் பதிவில் ஓர் அலையையும் தொட வேண்டாம். அந்த அற்பமான அளவுதான் இன்றுவரை எனக்கு இந்த வேலையின் மீதான மரியாதையைக் கொடுக்கிறது. அலைகளுக்குத் தாங்கள் யாருடையவை என்று தெரியாது. யாருடையவை, எந்த நாளில் எடுத்தவை, எத்தனை மைக்ரோவோல்ட், நொடிக்கு எத்தனை மாதிரிகள் (அலையை அளந்த புள்ளிகள்) என்பதையெல்லாம் சொல்வது கோப்பின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு எழுத்துப் பகுதி மட்டுமே. அதைப் பற்றியும், அதைத் திருத்தும் எளிய நிரல் ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நான் சொல்வது ஈ.டி.எஃப். என்ற வடிவம். ஐரோப்பியத் தரவு வடிவம் என்பது அதன் விரிவு. 1987-இல் கோபன்ஹேகனில் நடந்த உறக்க ஆய்வு மாநாட்டில் சந்தித்த பொறியாளர்கள் சிலருக்கு ஒரு பொதுவான சிக்கல் இருந்தது: ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவரின் கருவி படிக்காது. 1990-இல் லைடன் நகரில் கூடி, முடிந்தவரை எளிய ஒரு வடிவத்துக்கு உடன்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பாப் கெம்ப்பும் மற்றவர்களும் 1992-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அச்சில் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் விளக்கம் அது. மூளை அலை, இதயத் துடிப்பு, தசை, மூச்சு, கண்ணசைவு எதுவானாலும் எழுதிவைக்க அது போதுமானதாக இருந்தது. 2003-இல் வந்த ஈ.டி.எஃப். பிளஸ், பழைய வடிவத்தைக் கலைக்காமல் குறிப்புகள் எழுதும் வசதியையும் பெயர்ப் புலத்துக்கு ஓர் ஒழுங்கையும் சேர்த்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இது நிலைத்திருப்பதற்கு அதன் எளிமையே காரணம் என்று நம்புகிறேன்.

அந்த எளிமையைக் கொஞ்சம் அருகிலிருந்து காட்டுகிறேன். கோப்பின் முதல் 256 பைட்டுகள் வெறும் எழுத்துகள். முதல் 8 பைட் பதிப்பு எண். அதில் 0 என்ற இலக்கமும் ஏழு வெற்றிடங்களும் இருக்கும். அடுத்த 80 நோயாளியின் அடையாளம். அதற்கடுத்த 80 பதிவின் அடையாளம். தேதிக்கு 8, நேரத்துக்கு 8, ஹெடரின் மொத்த நீளத்துக்கு 8, ஒதுக்கிவைத்த இடம் 44, தரவுத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு 8, ஒரு துண்டு எத்தனை நொடி என்பதற்கு 8, கடைசியாகச் சேனல்களின் எண்ணிக்கைக்கு 4. கூட்டினால் சரியாக 256. பிறகு ஒவ்வொரு சேனலுக்கும் இன்னொரு 256: பெயர், மின்முனையின் வகை, அலகு, குறைந்த மதிப்பு, உயர்ந்த மதிப்பு, வடிகட்டி, மாதிரிகளின் எண்ணிக்கை என்று. அதன் பிறகு வருவதெல்லாம் எண்கள். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு பைட் முழு எண்.

20 சேனல்கள், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 256 மாதிரிகள், எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு 10,240 பைட். 28,800 நொடிகளுக்கு 29 கோடியே 49 லட்சத்து 12 ஆயிரம். இத்தனைக்கும் முன்னால் நிற்கும் ஹெடர் 5,376 பைட். ஒரு நொடிப் பதிவில் ஏறக்குறைய பாதி. அது கெட்டால் எட்டு மணி நேரமும் வெறும் எண்களின் குவியல்.

எழுத்துகள்தானே, சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து மாற்றினால் என்ன என்று தோன்றும். எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆய்வுக்கு அனுப்பும் கோப்பிலிருந்து நோயாளியின் பெயரை நீக்கச் சொல்லியிருந்தார்கள். கோப்பைத் திறந்திருக்கிறார். முதல் வரியிலேயே பெயர் படிக்கும்படி தெரிந்தது; அதற்குக் கீழே விசித்திரமான குறிகளின் காடு. பெயரை அழித்துச் சேமித்துவிட்டார். மறுநாள், "அண்ணா, அலைகள் எல்லாம் பனி விழுவது போல ஆகிவிட்டன, மின்முனை கழன்றிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மின்முனைகள் அத்தனையும் சரியாகவே இருந்தன.

நடந்ததை இரண்டு படியாகப் பிரித்துச் சொன்னேன். முதலாவது, பெயரை அழித்தபோது கோப்பு சுருங்கியது. ஈ.டி.எஃப். கோப்பில் எந்தப் புலத்துக்கும் தொடக்கக் குறியோ முடிவுக் குறியோ இல்லை. எத்தனையாவது பைட் என்பதே அதன் முகவரி. 12 எழுத்தை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் 12 இடம் முன்னால் நகர்கின்றன. தேதி இருக்க வேண்டிய இடத்தில் நேரத்தின் பாதி வந்து உட்காரும். இரண்டாவது இன்னும் கொடியது. எழுத்துத் திருத்தி, கோப்பு முழுவதையும் எழுத்து என்றே நம்புகிறது. அலைகளின் பைட்டுகளில் தனக்குப் புரியாதவற்றைச் சேமிக்கும்போது வேறு குறிகளாக மாற்றி எழுதிவிடுகிறது. ஒரு பைட் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ வந்துவிடுகின்றன. அப்படி மாறியதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

பனி போலத் தெரிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. ஒவ்வொரு மாதிரியும் இரண்டு பைட். முதலாவது கீழ்ப்பாதி, இரண்டாவது மேற்பாதி. பணத்தில் சில்லறையையும் தாளையும் போல. சில்லறை நொடிக்கு நொடி மாறும். தாள் மெதுவாகத்தான் மாறும். எல்லாம் ஒரே ஒரு பைட் நகர்ந்துவிட்டால், முந்திய மாதிரியின் தாள் சில்லறையாகவும், இந்த மாதிரியின் சில்லறை தாளாகவும் படிக்கப்படும். மாறிக்கொண்டே இருந்த சிறு பகுதி திடீரென்று 256 மடங்கு பெருகி மேலும் கீழும் துள்ளும். அமைதியான தூக்கம் திரையில் புயலாகிவிடும். நகர்ந்தது ஒற்றைப்படை எண்ணிக்கையாக இருந்தால் இப்படி. இரட்டைப்படையாக இருந்தால் அலை அலையாகவே தெரியும். ஆனால் ஒரு சேனலின் முடிவில் அடுத்த சேனலின் தொடக்கம் கலந்திருக்கும். எனக்கு இரண்டாவதுதான் அதிக அச்சம் தருவது, ஏனென்றால் அது உடனே கண்ணில் படாது.

நல்லவேளை, மூலக் கோப்பு பதிவுக் கணினியில் அப்படியே இருந்தது. அன்று மாலையே அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து ஒரு சிறு நிரல் எழுதினோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் முப்பது வரிகூட வரவில்லை. செய்வது இதுதான்: கோப்பைப் பைட்டுகளாகத் திறக்கிறது, சுழியத்திலிருந்து எண்ணி 8-ஆவது இடத்துக்குப் போகிறது, புதிய அடையாளத்தை எடுத்து, 80-க்குக் குறைந்தால் வெற்றிடம் இட்டு நிரப்புகிறது, கூடினால் மறுத்துவிடுகிறது, சரியாக 80 பைட்டை இருப்பதன் மேலேயே எழுதுகிறது, மூடுகிறது. எதையும் செருகாது, எதையும் நீக்காது. கோப்பின் அளவு முன்னும் பின்னும் ஒன்றே. திறக்கும் விதத்தில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. 'எழுத மட்டும்' என்று திறந்தால் பைத்தான் அந்தக் கணமே கோப்பைக் காலியாக்கிவிடும். 29 கோடி பைட்டும் போய்விடும். 'படிக்கவும் எழுதவும்' என்றே திறக்க வேண்டும். அந்தச் சிறு வேறுபாட்டைத் தம்பி சிவப்பு மையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

நிரல் எழுத விரும்பாதவர்களுக்குத் தயாராகவே ஒன்று இருக்கிறது. டியூனிஸ் வான் பீலன் எழுதிய ஈடிஎஃப்பிரவுசர், மூல நிரலோடு இலவசமாகக் கிடைப்பது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். அதில் ஹெடர் திருத்தி என்று தனியாக ஒரு கருவி உண்டு. புலங்கள் பெட்டி பெட்டியாக வரும், மாற்றிச் சேமிக்கலாம். அந்த மென்பொருளில் நான் மிகவும் மதிப்பது அதன் பிடிவாதம். விதிக்கு ஒவ்வாத ஒரு புலம் இருந்தாலும் கோப்பைத் திறக்க மறுத்து, எது தவறு என்று சொல்லும். பலர் இதைக் குறையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒரு தேதியைத் தானே ஊகித்துக்கொண்டு திறந்து காட்டும் மென்பொருளைவிட, தெரியாது என்று கதவை மூடும் மென்பொருள் நோயாளிக்கு நல்லது.

எந்தக் கருவியானாலும் மூலத்தை நான் தொடுவதில்லை. நகலெடுத்து, நகலில்தான் மாற்றுவேன். மாற்றுவதற்கு முன், ஹெடர் முடியும் இடத்திலிருந்து கோப்பின் இறுதிவரை உள்ள பைட்டுகளுக்கு ஷா-256 என்ற கணக்கீட்டின்படி ஒரு சரிபார்ப்பு எண் எடுப்பேன். மாற்றிய பின் மறுபடியும் எடுப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஓர் அலையும் அசையவில்லை என்று கையெழுத்திட்டுச் சொல்ல முடியும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார் மாற்றியது, என்ன ஆதாரம், எந்த நாள் என்று தனிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவேன். ஈ.டி.எஃப். கோப்புக்குள் தன் திருத்த வரலாற்றை வைத்துக்கொள்ள இடம் இல்லை. மாற்றியவுடன் அது பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தது போன்ற முகத்தோடு நிற்கும். குறிப்பேடு இல்லாவிட்டால் திருத்தத்துக்கும் மோசடிக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது.

பெயரை மாற்றுவது எளிது. சேனல்களின் புலங்களில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் 256 பைட் என்று சொன்னேன் அல்லவா. அவை ஒரே தொகுதியாக அடுத்தடுத்து இருக்கும் என்று நினைத்தால் தவறு. முதலில் எல்லாச் சேனல்களின் பெயர்களும் வரிசையாக, பிறகு எல்லாச் சேனல்களின் மின்முனை வகைகளும், பிறகு எல்லா அலகுகளும் என்று வகை வகையாக அடுக்கியிருக்கும். 20 சேனல் கோப்பில் அலகுகள் 2,176-ஆவது இடத்தில் தொடங்கும். நிரலில் இந்தக் கணக்கைப் பிழையாகப் போட்டால் மூன்றாவது சேனலின் அலகை எழுதப் போய் நான்காவது சேனலின் மின்முனை விவரத்தின் மேல் எழுதிவிடுவோம். என் முதல் நிரல் அப்படித்தான் எழுதியது. நகல் என்பதால் தப்பித்தேன்.

அலகு என்ற அந்த 8 பைட் புலம் பார்க்கச் சாது. ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு பதிவில் மூளை அலைகள் அனைத்தும் திரையை நிரப்பிய கறுப்புப் பட்டைகளாகத் தெரிந்தன. அலை வடிவம் சரி, அதிர்வெண் சரி, உயரம் மட்டும் ஆயிரம் மடங்கு. மைக்ரோவோல்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் மில்லிவோல்ட் என்று இருந்தது. இன்னொரு கோப்பில் மைக்ரோவைக் குறிக்க மியூ என்ற கிரேக்க எழுத்தையே இட்டிருந்தார்கள். ஹெடரில் ஆஸ்கி எனப்படும் அடிப்படை ஆங்கில எழுத்துக்குறிகளுக்கு மட்டுமே அனுமதி என்பதால், ஆங்கிலச் சிறிய யூ எழுத்தைத்தான் அதற்குப் பதிலாக எழுத வேண்டும். கிரேக்க எழுத்தைக் கண்ட மென்பொருள் ஒன்று அலகே தெரியவில்லை என்று அந்தச் சேனல்களை ஒதுக்கிவிட்டது. தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இட்ட கோப்புகளும் வந்திருக்கின்றன. கணினியின் வட்டார அமைப்பிலிருந்து அது தானாகப் புகுந்துவிடும். மூன்றுமே நிமிடத்தில் திருத்தக்கூடியவை.

குறைந்த மதிப்பு, உயர்ந்த மதிப்பு என்ற நான்கு எண்கள் அப்படியல்ல. கோப்பில் இருப்பவை வெறும் முழு எண்கள்; அவற்றை மின்னழுத்தமாக மாற்றும் சாவி இந்த நான்கும்தான். எண் வரம்பு -32,768 முதல் 32,767 வரை, மின்னழுத்த வரம்பு -3,276.8 முதல் 3,276.7 மைக்ரோவோல்ட் வரை என்று இருந்தால், ஒவ்வொரு படியும் 0.1 மைக்ரோவோல்ட். கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் பின்தலையில் எழும் 50 மைக்ரோவோல்ட் அலை, கோப்பில் 500 என்று இருக்கும். மின்னழுத்த வரம்பில் தசமப் புள்ளி ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டால் அதே 500, 5 மைக்ரோவோல்ட்டாகக் காட்சி தரும். மூளையின் மின்செயல்பாடு நின்றுவிட்டதா என்று பார்க்கும் பதிவுகளில் 2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் மூளையிலிருந்து எதுவும் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த அளவுகோல் இந்த நான்கு எண்களின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இந்தப் புலங்களைப் பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்பதற்காக நான் மாற்றியதே கிடையாது. கருவியின் அளவுத்திருத்தப் பதிவு கையில் இருந்தால், அதில் தெரிந்த மின்னழுத்தம் தெரிந்த உயரத்தில் வருகிறது என்று காட்ட முடிந்தால் மட்டுமே மாற்றுவேன். மின்னழுத்த வரம்பில் குறைந்த மதிப்பைவிட உயர்ந்த மதிப்பு சிறியதாக இருக்கும் கோப்பைக் கண்டு பதற வேண்டாம் என்றும் புதியவர்களிடம் சொல்வேன். பெருக்கி தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் அப்படி எழுத விதி இடம் தருகிறது. அதைப் பிழையென்று நினைத்து 'சரி' செய்தால் அலைகள் அனைத்தும் குப்புற விழும்.

மின்வெட்டில் நின்றுபோன பதிவுகள் ஒரு தனி வகை. தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை பதிவு முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் புலத்தில் -1 என்று இருக்கும். பாதியில் நின்றால் அந்த -1 அப்படியே தங்கிவிடும். கோப்பின் அளவிலிருந்து ஹெடரைக் கழித்து, ஒரு துண்டின் அளவால் வகுத்தால் விடை. மீதி வந்தால் கடைசித் துண்டு அரைகுறை.

தேதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹெடரில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். 85 முதல் 99 வரை இருந்தால் 1900-களின் ஆண்டு, 00 முதல் 84 வரை இருந்தால் 2000-களின் ஆண்டு என்று பின்னால் விதி வகுத்தார்கள். பதிவுக் கணினியின் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்துவிட்டால் கடிகாரம் எங்கோ ஒரு பழைய தொடக்க நாளுக்குப் போய்விடும். அந்தக் கருவி தயாராவதற்கு முந்திய தேதியோடு பதிவுகள் பிறக்கும். வலிப்பு நோயாளி ஒருவருக்கு மருந்து மாற்றுவதற்கு முன் எடுத்த பதிவு எது, பின் எடுத்த பதிவு எது என்பது தேதியால்தான் தெரியும். அதைத் திருத்தப் போகும்போது ஈ.டி.எஃப். பிளஸ் கோப்புகளில் ஒன்றை மறக்கக் கூடாது: தேதி இரண்டு இடத்தில் இருக்கிறது. 168-ஆவது இடத்தில் உள்ள 8 பைட் ஒன்று. பதிவு அடையாளப் புலத்தின் தொடக்கத்தில், ஆங்கில மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு நான்கு இலக்க ஆண்டோடு எழுதியது இன்னொன்று. ஒன்றை மட்டும் மாற்றினால் கோப்பு தன்னையே மறுக்கும்.

பெயரை நீக்குவதிலும் இதே போல ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஈ.டி.எஃப். பிளஸ்ஸில் நோயாளியின் புலம் நான்கு பகுதிகள் கொண்டது: மருத்துவமனை எண், பாலினம், பிறந்த தேதி, பெயர். தெரியாததற்கும் மறைக்க வேண்டியதற்கும் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தை இட வேண்டும். நான்கிலும் எக்ஸ் இட்டு, பதிவு அடையாளத்தில் உள்ள நிர்வாக எண்ணையும் தொழில்நுட்பரின் பெயரையும் எக்ஸ் ஆக்கினால் ஹெடர் சுத்தம். ஆனால் குறிப்புகள் ஹெடரில் இல்லை. அலைகளோடு அலையாக, தனிச் சேனலில் கிடக்கின்றன. இரவில் பணியில் இருப்பவர் நோயாளியைப் பெயர் சொல்லி எழுப்பிவிட்டு, இன்னார் கழிவறைக்குப் போகிறார் என்று தட்டியிருப்பார். ஹெடர் திருத்தும் நிரல் அங்கே எட்டிப் பார்க்காது. பெயர் நீக்கப்பட்டது என்று உறுதிமொழி எழுதி அனுப்பத் தயாராக இருந்த ஒரு கோப்பில், அதிகாலை 3 மணிக் குறிப்பில் முழுப் பெயரைக் கண்டபோது எனக்கு வயிறு கலங்கியது. அன்றிலிருந்து குறிப்புகளை ஒன்று விடாமல் படிக்காமல் ஒரு கோப்பையும் வெளியே அனுப்புவதில்லை. கோப்பின் பெயரிலேயே நோயாளியின் பெயர் இருப்பதும் உண்டு. எல்லோர் கண்ணிலும் படுவதாலேயே யார் கண்ணிலும் படாமல் போவது அது.

தமிழ் எழுத்துகள் பற்றி ஒரு வார்த்தை. ஹெடரில் பெயரைத் தமிழில் எழுத இடமில்லை. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. 'கு' என்று எழுதவே 6 பைட் ஆகிவிடும். அப்படி எழுதினாலும் ஆஸ்கி இல்லை என்று சரிபார்ப்பான் தள்ளிவிடும். ஆனால் ஈ.டி.எஃப். பிளஸ்ஸின் குறிப்புச் சேனல் யூ.டி.எஃப்-8-ஐ ஏற்கிறது. ஆக நோயாளியின் பெயரைத் தமிழில் பதிய முடியாது. அவர் நடு இரவில் எழுந்து சொன்ன வார்த்தையைத் தமிழிலேயே பதியலாம். "நெஞ்சு படபடக்கிறது" என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே தட்டிவைப்பது எனக்குப் பிடித்த வழக்கம். படிக்கும் மருத்துவருக்கு அந்தச் சொல்லே ஒரு செய்தி.

இடம் மாறிய அந்த இரண்டு இரவுகளுக்கு வருகிறேன். எனக்கு ஐயமே இல்லை என்றாலும் என் கண்ணின் தீர்ப்பை வைத்து மட்டும் பெயரை மாற்றக் கூடாது என்று தோன்றியது. மருத்துவரை அழைத்து, "இரண்டு பதிவுகளும் மாறியிருக்கின்றன என்று நினைக்கிறேன், உறுதியாகும்வரை அறிக்கை எழுத வேண்டாம்" என்றேன். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். துடிப்பைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "காணொளியையும் பாருங்கள்" என்றார். ஒவ்வொரு கோப்போடும் அறையின் காணொளி இருந்தது. பெண்ணின் பெயர் தாங்கிய கோப்பின் காணொளியில் முதியவர் புரண்டு படுத்தார். அவர் புரண்ட அதே நொடியில் தசைச் சேனல் துள்ளியது. இரவுப் பணிக் குறிப்பேட்டிலும் அறை எண் பொருந்தியது. மருத்துவர் கையெழுத்திட்டார். இரண்டு நகல்கள், இரண்டு புலங்கள், சரிபார்ப்பு எண்கள். நிரல் ஓடிய நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான் வேலை.

பழைய வட்டு ஒன்றிலிருந்து மீட்ட கோப்புகளுக்கு இடையே ஒன்று இருந்தது. பெயர்ப் புலத்தில் சோதனை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். தேதி, மின்கலம் தீர்ந்த கடிகாரத்தின் தேதி. ஆனால் அலைகள் உண்மையான மூளையிலிருந்து வந்தவை. விழித்திருக்கும்போது பின்தலையில் நொடிக்கு 6 முறை எழும் சீரான அலை. ஒரு வயதை ஒட்டிய குழந்தையிடம் எதிர்பார்ப்பது. கோப்பின் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் எந்த வாரம் என்று தெரிந்தது. பதிவேட்டில் அந்த வாரம் அந்த வயதில் இரண்டு குழந்தைகள் வந்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு இப்போது வலிப்பு திரும்பியிருந்ததால், பழைய பதிவு கிடைக்குமா என்று மருத்துவர் கேட்டிருந்தார். அந்தக் குழந்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று என் மனம் சொன்னது. காணொளி இல்லை; குறிப்புகள் இல்லை. திருத்தியைத் திறந்து, கர்சர் பெயர்ப் பெட்டியில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எந்தக் கருவியில் எடுத்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். அதை உரிய இடத்தில் எழுதினேன். சோதனை என்ற சொல்லை எடுத்துவிட்டு, நோயாளியின் புலத்தில் நான்கு எக்ஸ் இட்டு, மீதியை வெற்றிடங்களால் நிரப்பிச் சேமித்தேன். இரண்டு குழந்தைகளில் ஒருவருடையது, எவருடையது என்று நிறுவ முடியவில்லை என்று மருத்துவருக்கு எழுதி அனுப்பினேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் இரண்டு பெயர்களுக்கும் எதிரே கோப்பின் எண்ணைப் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன்.